புதுத் தொற்றுநோய்ச் செய்தி வந்தால்: பதறாமல் ஆபத்தை அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கோவையில் எழுபது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். தண்ணீர் லாரி வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்பதோடு, கேரளத்தில் நிபா (வௌவாலிலிருந்து வரும், உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்) என்று செய்தி வந்தால் அந்தக் கேள்விகளும் என் தலையில்தான் விழும். கேரள எல்லையில் உள்ள வாளையார் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

2018-ல் கேரளத்தில் நிபா வந்தபோது நானும் பதறினேன். வந்ததை எல்லாம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், மறுநாள் அதையே மறுத்தும் போட்டேன். 2023-ல் மறுபடி வந்தபோது எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று ஒரு வரிசை பிடிபட்டிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு நிபாவையே எடுத்துக்கொள்கிறேன். வேறு நோய் வந்தாலும் வரிசை மாறாது, விடைகள்தான் மாறும்.

நான் மருத்துவன் இல்லை. சிகிச்சை பற்றி இதில் ஒரு வரியும் கிடையாது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும். போனிலேயே படித்துக்கொண்டு போனால் மூன்று நாளைக்கு முந்தைய செய்தியும் இப்போதுதான் நடந்ததுபோல் தெரியும். தேதி போட்டு நோட்டில் எழுதினால், புதிதாக ஒன்றும் நடக்கவில்லை, பழையதே பத்து முறை வந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டே இரண்டு செய்தி மூலங்கள். நோய் வந்திருக்கும் மாநிலத்தின் சுகாதாரத் துறை தினமும் தரும் அறிக்கை ஒன்று. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப்பரவல் செய்தி இன்னொன்று. முதலாவது வேகமானது; இரண்டாவது மெதுவானது, ஆனால் எண்களை ஒருமுறை சரிபார்த்துத் தரும். தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது. யூடியூபில் பேசும் மருத்துவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் முதல் நாளில் அவர்களுக்கும் நாம் படிக்கும் அதே அறிக்கைதான் கையில் இருக்கும்.

வீட்டு ஆட்களின் பட்டியல். யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், வெளியூரில் யார் படிக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஆஸ்துமா. இதை இப்போது எழுதி வைத்துவிட்டு 7-ஆம் படி வரை தொடாதீர்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டே நோயைப் பற்றிப் படித்தால் ஒவ்வொரு வரியும் நம் பிள்ளையைப் பற்றி எழுதியதுபோலத் தோன்றும்.

அரை மணி நேரம், பகலில். இரவு பத்து மணிக்கு மேல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது அனுபவத்தில் சொல்வது.

2. செய்தியை உடைத்து எழுதுங்கள்

எந்த நோய், எந்த ஊர், எந்தத் தேதி, சந்தேகமா உறுதியா. ஒரு செய்தியிலிருந்து இந்த நான்கையும் எடுத்து எழுத முடியவில்லை என்றால் அந்தச் செய்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் குழுவில் வருவதில் பாதி இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

“புதிய வைரஸ்” என்று இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: நோய் புதியதா, நமக்குப் பெயர்தான் புதியதா? 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று ஒரே பரபரப்பு. சீனாவில் கூட்டம் நிரம்பிய மருத்துவமனைக் காணொளிகள், சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று செய்திகள். அந்த வைரஸ் நெதர்லாந்தில் 2001-லேயே அடையாளம் காணப்பட்டது. வருடாவருடம் சளிக் காய்ச்சலாக வந்து போகிறது. பரிசோதித்துப் பார்த்ததால் பெயர் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது சந்தேகமா உறுதியா என்பது. நிபா அறிகுறி உள்ள ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அவர் மாதிரி பரிசோதனைக்குப் போகும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற ஆய்வகம் உறுதி செய்யும் வரை அவர் “சந்தேகத்துக்குரியவர்”. நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். முடிவு வந்ததும் பேனாவால் எழுதலாம் அல்லது அழித்துவிடலாம்.

3. யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் தனிப் படியாக வைத்திருக்கிறேன்.

2023 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது எங்கள் குழுவில் ஒருவர், “ஆயிரத்துக்கு மேல் நிபாவாம்” என்று போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயிரத்துக்கு மேல் என்ற எண் செய்தியில் இருந்தது. ஆனால் அது தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களின் எண்ணிக்கை.

உலக சுகாதார நிறுவனம் அந்த மாத இறுதியில் தந்த கணக்கை நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன்:

நோயாளிகளோடு தொடர்பில் இருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்: 1,288
பரிசோதிக்கப்பட்ட மாதிரிகள்: 387
நோய் உறுதியானவர்கள்: 6
இறந்தவர்கள்: 2

புனலில் ஊற்றியதுபோல மேலே அகலமாகவும் கீழே ஒரு சொட்டாகவும் வருகிறதா? தலைப்புச் செய்திக்கு மேல் வரிதான் வசதி. உங்களுக்கு மூன்றாவது வரி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடர்புப் பட்டியல் நீண்டுகொண்டே போவது பல நேரம் நல்ல செய்தி. அந்த நோயாளி எந்த பேருந்தில் வந்தார், எந்த வார்டில் படுத்திருந்தார், பக்கத்துக் கட்டிலில் யார் என்று ஒருத்தர் விடாமல் தேடுகிறார்கள் என்று அர்த்தம். உறுதியானவர்கள் ஆறு பேர், பட்டியலில் இருபது பேர் என்றிருந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

4. எந்த வழியாகப் பரவுகிறது?

எத்தனை பேர் சாகிறார்கள் என்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் இறப்பு விகிதம் தலைப்பிலேயே இருக்கும். பரவும் வழி கடைசிப் பத்தியில் இருக்கும். இறப்பு எண்ணை முதலில் படித்த மனது, அப்புறம் வழியை நிதானமாகப் படிக்காது.

ஒரே வைரஸ் ஊருக்கு ஊர் வேறு வழியில் வரும் என்பதற்கு நிபாவை விட நல்ல பாடம் கிடையாது.

மலேசியாவில் 1998-99-ல் முதன்முதலாகத் தெரிய வந்தபோது அது பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களைத் தாக்கியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுவை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நோய் பன்றிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. வழியைத் தவறாகப் பிடித்தால் செய்த வேலையெல்லாம் வீண் என்பதற்கு இதையே சொல்வேன். கடைசியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அடங்கியது.

வங்கதேசத்தில் பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி இரவெல்லாம் பானையில் சாறு இறக்குவார்கள். பழந்தின்னி வௌவால் வந்து அந்தச் சாற்றை நக்கும், பானையிலேயே சிறுநீரும் கழிக்கும். காலையில் அதைக் காய்ச்சாமல் அப்படியே குடிப்பவர்களுக்கு நோய் வருகிறது.

இந்தியாவில் பார்த்தால் ஆஸ்பத்திரி. 2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்தது; அவர்களில் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். 2018-ல் கோழிக்கோட்டிலும் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவமனையில் வைத்துத்தான் தொற்றியது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்ததும் இப்படித்தான்.

ஆக, நோட்டில் எழுத வேண்டியது: காற்றில் தூரம் போகுமா, மிக நெருங்கிப் பழகினால் மட்டுமா, உணவு வழியா, தண்ணீர் வழியா, கொசுவா, விலங்கா. அடுத்து, அறிகுறி தெரியும் முன்பே தொற்றுமா, நோய் முற்றிய பிறகுதான் தொற்றுமா? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோவிட்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் போனதற்கு அறிகுறி இல்லாதவரும் பரப்பியது ஒரு பெரிய காரணம். நிபா நோயாளி அதிகம் பரப்புவது படுத்த படுக்கையாகி, இருமலும் மூச்சுத்திணறலும் வந்த பிறகு. அந்த நிலையில் ஒருவர் பேருந்தில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் அவருடைய மனைவி, மகன், செவிலியர்.

முதல் நாளிலேயே எல்லா விடையும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். கேள்விக்குறியை ஊகத்தால் நிரப்பினால் அதற்குப் பிந்தைய படிகள் எல்லாம் கோணலாகிவிடும். 2018-ல் முதல் நோயாளி வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்கள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். முதலில் பிடித்துச் சோதித்தவை பூச்சி தின்னும் வௌவால்கள். அவற்றில் வைரஸ் இல்லை. பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்த பிறகுதான் அவற்றில் வைரஸ் இருப்பது தெரிந்தது.

5. ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு? வந்தால் எவ்வளவு கடுமை?

இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியாக, பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது.

ஏன் என்று கேட்பவர்களிடம் நான் வெறிநாய்க்கடியைச் சொல்வேன். அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். நிபாவை விடக் கொடியது. ஆனால் அதற்காக யாரும் பள்ளிக்கூடத்தை மூடுவதில்லை, ஏனென்றால் அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவிக்கொண்டே போகாது. மறுபக்கம் தட்டம்மை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடியது. அதைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை.

பரவும் எண்ணைக் கையால் போட்டுப் பாருங்கள். வங்கதேசத்தில் 14 ஆண்டுகளின் நிபா நோயாளிகளை ஆராய்ந்தபோது ஒருவரிடமிருந்து சராசரியாக 0.33 பேருக்குத்தான் தொற்றியிருந்தது. அதாவது 100 பேருக்கு வந்தால் அவர்களிடமிருந்து 33 பேருக்கு, அவர்களிடமிருந்து 11, அப்புறம் 4, அப்புறம் 1, அத்தோடு சரி. எண் 3 என்றால்? ஒருவர், 3, 9, 27, 81, 243. பத்தே நிமிடம் பிடிக்கும் இந்தக் கணக்கைக் குழந்தைகளோடு உட்கார்ந்து போடலாம். எங்கள் மாடியில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் என்னை விட வேகமாகப் போட்டான்.

ஆனால் சராசரியை நம்பி அசந்துவிடவும் கூடாது. அதே வங்கதேச ஆய்வில் பெரும்பாலானவர்கள் ஒருவருக்குக்கூடப் பரப்பவில்லை, மிகச் சிலர் பலருக்குப் பரப்பினார்கள். 2018 கோழிக்கோட்டில் ஒருவரிடமிருந்தே பலருக்கு வந்தது. கூட்டம் நெருக்கும் மருத்துவமனை நடைபாதையில் இருமும் ஒரு நோயாளி எந்தச் சராசரிக்கும் கட்டுப்பட மாட்டார்.

6. இறப்பு விகிதத்தை வகுத்துப் பார்த்து எழுதுங்கள்

2023-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தலைமை இயக்குநர் ராஜீவ் பால், நிபாவில் இறப்பு 40 முதல் 70 சதவீதம், கோவிட்டில் 2 முதல் 3 சதவீதம் என்றார். உண்மைதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் “கோவிட்டை விட 20 மடங்கு ஆபத்து” என்று குழுவில் வந்துவிட்டது. அங்கேதான் தப்பு. நோய் வந்துவிட்டவருக்குத்தான் அந்த 40, 70 எல்லாம். உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

சதவீதம் கண்ணில் பட்டால் மேலே என்ன எண், கீழே என்ன எண் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கேரளத்தில் 2018-ல் 19 பேரில் 17 பேர் இறந்தார்கள். வகுத்தால் 89 சதவீதம். 2023-ல் 6 பேரில் 2 பேர், 33 சதவீதம். அதே மாநிலம், அதே நோய். கீழே இருக்கும் எண் இவ்வளவு சிறிதாக இருந்தால் ஒருவர் பிழைத்தாலும் சதவீதம் துள்ளிக் குதிக்கும். பிந்தைய முறை நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்ததும் இருக்கிறது. அந்த ஆண்டு வென்டிலேட்டரில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன்கூடப் பிழைத்து வீட்டுக்குப் போனான்.

தொடக்கத்தில் வரும் விகிதம் பின்னால் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். 2009-ல் மெக்சிகோவில் பன்றிக் காய்ச்சல் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்கு வந்த கடுமையான நோயாளிகள் மட்டுமே கணக்கில் இருந்ததால் பயங்கரமாகத் தெரிந்தது. லேசாக வந்து போனவர்களையும் சேர்த்தபோது ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே போனது. 2003-ல் பரவிய சார்ஸ் என்ற சுவாச நோய் நேர்மாறு. ஆரம்பத்தில் 4 சதவீதம் என்றார்கள். முடிவில் 8,098 பேரில் 774 பேர், அதாவது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்து நின்றது. ஆரம்பக் கணக்கில் பலர் ஆஸ்பத்திரியில் இன்னும் போராடிக்கொண்டிருந்தார்கள். இறக்கவில்லை என்பதால் பிழைத்தவர்கள் பக்கம் எண்ணப்பட்டார்கள்.

அதனால் முதல் இரண்டு வாரம் இறப்பு விகிதத்தை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். “இதிலிருந்து இதற்குள்” என்று எழுதுங்கள். எண் சிறியதாக இருந்தால் “6-ல் 2” என்றே எழுதுவது இன்னும் நல்லது.

7. உங்கள் வீட்டுக்கு எந்த வழி திறந்திருக்கிறது?

இப்போது ஆரம்பத்தில் எழுதி வைத்த வீட்டுப் பட்டியலை எடுங்கள். 4-ஆம் படியில் கண்ட வழிகளை மேலே வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வழிக்கும் நேரே “உண்டு” அல்லது “இல்லை”. “இருக்கலாமோ” என்று எழுதத் தோன்றினால், அது வழியில் உள்ள குழப்பமா, ஆளைப் பற்றிய குழப்பமா என்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2023-ல் எங்கள் குடியிருப்பில் எல்லோருடைய பயமும் ஒரு டிரைவர் மேல் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு கொண்டு போகிறவர். லிஃப்டில் அவரோடு ஏற மாட்டேன் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து எழுதினோம். நோயாளியைத் தொட்டாரா? இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாரா? இல்லை. நோய் இருப்பது கோழிக்கோட்டில், அவர் போவது பாலக்காட்டு மார்க்கெட். இல்லை, இல்லை, இல்லை.

அதே மாடியில் இன்னொரு வீட்டுப் பெண் கோழிக்கோட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஓணத்துக்குக் கல்லூரி விடுமுறை விட்டு வந்துவிட்டுத் திரும்பியவள். அவளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நல்ல பெண், படிக்கிற பெண் என்பதால். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அவளிடம்தான் இருந்தது: அந்த நோயாளிகள் இருந்த இடத்தில் உனக்கு டியூட்டி இருந்ததா, உன் பெயர் தொடர்புப் பட்டியலில் இருக்கிறதா? அவளே போனில் சொன்னாள், “இல்லைங்க அங்கிள், எனக்கு வேற ஆஸ்பத்திரி, லிஸ்டுல யாரும் எங்களைக் கூப்பிடலை.” இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பயம் ஆளைப் பார்த்துப் போகிறது, நோய் வழியைப் பார்த்துப் போகிறது. டிரைவரிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். லிஃப்டில் ஏற மறுத்தவர்கள் கேட்டார்களா என்று தெரியாது.

8. நாட்களை எண்ணுங்கள்

நோய்க் கிருமி உள்ளே போய் அறிகுறி வெளியே வர எத்தனை நாள் என்று பாருங்கள். நிபாவுக்குப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள். அதைத் தாண்டியும் அரிதாக வருவதால் தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, இன்று அறிவிக்கப்படும் நோயாளிக்குத் தொற்றியது ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்னால். இன்றைய எண்ணிக்கையை வைத்து இன்றைய நிலவரத்தைச் சொல்ல முடியாது. இரண்டாவது, வெறும் மூன்று நாள் புதிய நோயாளி இல்லை என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. 21 நாள் இல்லை என்றால் பெருமூச்சு விடலாம். அதன் இரண்டு மடங்கு, 42 நாள் போனால்தான் முடிந்தது என்று அறிவிப்பார்கள்.

காலண்டரில் குறித்துவிடுங்கள். 2023-ல் கடைசி நோயாளி உறுதியானது செப்டம்பர் 15. அதிலிருந்து 21 நாள் அக்டோபர் 6, 42 நாள் அக்டோபர் 27. எங்கள் அறிவிப்புப் பலகையில் இந்த இரண்டு தேதிகளை எழுதி வைத்த பிறகு “எப்போது முடியும்” என்று யாரும் கேட்கவில்லை. முடிவுத் தேதி தெரியாத பயம்தான் ஆளைத் தின்கிறது.

9. செய்ய வேண்டியவை, அவற்றின் காரணம்

திறந்திருக்கும் வழிக்கு மட்டும் அடைப்பு வையுங்கள். மற்றதெல்லாம் வீண் செலவு.

பழம். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு போன்: “ஏனுங்ண்ணா, பையன் தோட்டத்துக் கொய்யாவை எடுத்துத் தின்னுட்டானுங்க, ஒரு பக்கம் கடிச்சிருந்துச்சு.” அணில் கடித்த பழம் இனிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. கடித்தது அணிலா வௌவாலா என்று பார்த்து யாரால் சொல்ல முடியும்? அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனாலும் கடிபட்டதையும் கீழே விழுந்ததையும் ஒதுக்கிவிடுவதில் நட்டம் எதுவும் இல்லை. முழுப் பழத்தைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம். பழமே வேண்டாம் என்று நிறுத்துவது தேவையற்றது.

பதநீர், கள். திறந்த பானையில் இரவு இறக்கியது என்றால், நோய் பரவும் காலத்தில் பச்சையாகக் குடிக்காதீர்கள். வங்கதேசக் கதைதான் காரணம். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கியதில் பயம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போவது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் நிற்கும் நம் வழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். நிபாவைப் பொறுத்தவரை எல்லா அறிவுரையிலும் பலன் அதிகம் உள்ளது இதுதான் என்பது என் கணிப்பு. போயே ஆக வேண்டும் என்றால் ஒருவர் போங்கள், முகக்கவசம் போடுங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நிபா வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதை உடைத்துவிடும்.

காய்ச்சல். செப்டம்பர், அக்டோபரில் கோவையில் காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவோ சாதாரண ஃப்ளூவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். “நிபான்னு பிடிச்சு வெச்சுருவாங்க” என்று மறைத்துக்கொண்டு வீட்டில் இருந்து, டெங்கு முற்றிப் போவதுதான் நிஜமான ஆபத்து. மருத்துவரிடம் போங்கள். எங்கே போய் வந்தீர்கள், யாரைக் கவனித்துக்கொண்டீர்கள் என்று கேட்காமலே சொல்லுங்கள்.

செய்யக் கூடாததில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வௌவாலை விரட்டாதீர்கள், அது தங்கும் மரத்தை வெட்டாதீர்கள். எங்கள் பின்புறத்து ஆலமரத்தை வெட்டச் சொல்லி மனுவே எழுதிவிட்டார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் பழந்தின்னி வௌவால்களிடம் நிபாவுக்கான எதிர்ப்பொருள் (முன்பு தொற்றியிருந்ததன் அடையாளம்) இருப்பது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. அவை எத்தனையோ காலமாக நம்மோடுதான் இருக்கின்றன. கலைத்துவிட்டால் பத்து இடத்துக்குச் சிதறும், கலவரப்பட்ட வௌவால் கிருமியை அதிகம் வெளியேற்றும். மரம் நிற்கிறது. கீழே கார் நிறுத்துவதை மட்டும் மாற்றினோம், அதுவும் எச்சத்துக்காக.

10. எப்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்?

தினமும் போட்டால் பைத்தியம் பிடிக்கும். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தால் மட்டும் நோட்டைத் திறங்கள்.

யாரிடமிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாத நோயாளிகள் அடுத்தடுத்து வருவது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சங்கிலி தெரிந்த ஐம்பது பேரை விடச் சங்கிலி தெரியாத ஐந்து பேர் கவலைக்குரியவர்கள். அடுத்து, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஊர்களில் ஒரே நேரத்தில் தோன்றுவது. பரவும் வழி மாறிவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பது. உங்கள் வீட்டுப் பட்டியலில் ஒரு “இல்லை” “உண்டு” ஆவது.

இவற்றைப் பார்த்துத் திறக்க வேண்டாம்: வாளையாரில் காய்ச்சல் பரிசோதனை போட்டார்கள், அங்கே பள்ளி விடுமுறை விட்டார்கள், அமைச்சர் அவசரக் கூட்டம் நடத்தினார். அரசு தன் வேலையைச் செய்கிறது என்பதைத் தவிர அதில் புதிய தகவல் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் “சர்வதேச அவசர நிலை” என்று அறிவிப்பதும் அப்படித்தான். குரங்கம்மைக்கு 2022 ஜூலையிலும் 2024 ஆகஸ்டிலும் அப்படி அறிவித்தார்கள். அது நாடுகள் சேர்ந்து செயல்படுவதற்கான மணியோசை. உங்கள் தெருவின் நிலவரம் அதில் இருக்காது. மணி அடித்ததும் 4-ஆம் படியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், வழியில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று.

11. மற்றவர்களுக்குச் சொல்லும்போது

கணக்கு முடிந்ததும் குழுவில் நான்கு வரி போடுங்கள்: இன்றைய தேதியில் உறுதியானவர்கள் எத்தனை பேர், எங்கே, எப்படிப் பரவுகிறது, நாம் செய்ய வேண்டியது என்ன, அடுத்து எந்தத் தேதியில் பார்ப்போம். அதற்குக் கீழே விவாதம் வேண்டாம். கேள்வி இருப்பவர்கள் தனியே கூப்பிடட்டும்.

செய்தியின் முதல் வரியில் தேதியையும் வருடத்தையும் கட்டாயம் போடுங்கள். 2018-ல் நான் எழுதிய ஒரு எச்சரிக்கையில் தேதி போட மறந்துவிட்டேன். 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் நிபாவில் இறந்த வாரம், என் அக்கா மதுரையிலிருந்து ஒரு செய்தியை அனுப்பி, “இதப் பாத்தியா, கோயம்புத்தூருக்குப் பக்கத்துல வந்துருச்சாம், வீட்டை விட்டு வெளிய போகாத” என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அது நான் செய்த பிழை.